மீளும் பிணைப்பு மக்கர் செய்தால்: கான்ஜுகேட் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"சார், ஒட்டல்ல" என்று மாணவர் யாராவது வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "எந்தப் பஃபர்ல மக்கா போட்ட?" என்பதுதான். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரி லேபில் புரதத்தோடு சாயம், மருந்து, பாலிமர் என்று எதையாவது ஒட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. இப்படி ஒட்டிச் செய்த பொருளைக் கான்ஜுகேட் என்போம். அதில் நாங்கள் விரும்பி எடுப்பது மீளும் சகப்பிணைப்புகளை. ஒட்டும், சூழல் மாறினால் பிரியும், பழைய சூழல் திரும்பினால் மறுபடி ஒட்டும்.

இதனால் என்ன லாபம்? ரத்தத்தின் பிஎச் 7.4. செல் விழுங்கிய பொருள் கடைசியில் போய்ச் சேரும் லைசோசோமில் அது 4.5 முதல் 5 வரை. ரத்த பிளாஸ்மாவில் குளூட்டாதயோன் (செல்லில் இயல்பாகவே இருக்கும் ஒடுக்கி) சில மைக்ரோமோலார்தான், செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, வெளியே பிடித்துக்கொண்டு உள்ளே போனதும் விட்டுவிடும் பிணைப்பு கிடைத்தால் மருந்து தேவையான இடத்தில் மட்டும் இறங்கும். ஹைட்ரசோன் என்ற பிணைப்பு அமிலத்துக்கு அசையும். டைசல்பைடு குளூட்டாதயோனுக்கு அசையும். போரோனேட் எஸ்டர் சர்க்கரைக்கு.

குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புத்தி ஏற்கனவே உண்டு. பால் திரியாமல் நிற்க வேண்டுமென்றால் அம்மோனியா, ஷீட் அடிக்க வேண்டுமென்றால் ஃபார்மிக் ஆசிட். அங்கே நடப்பது சகப்பிணைப்பு சமாச்சாரம் அல்ல, பால் துகள்களின் மின்சுமை சமாச்சாரம். ஆனால் பால் திரிந்துவிட்டால் "பால் சரியில்லை" என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், "வாளியில் என்ன இருந்தது" என்றுதான் கேட்பார்கள். லேபிலும் அதே கேள்விதான். பிணைப்பு உண்மையில் தோற்றதா, இல்லை தன் வேலையை நாம் எதிர்பாராத இடத்தில் ஒழுங்காகச் செய்துவிட்டதா? கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இரண்டாவது ரகம்.

அறிகுறிக்குப் போகும் முன் நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன பிணைப்பு, குழாயில் இருக்கும் எல்லாப் பொருளும் (வாங்கிய புரதத்தோடு வந்தவையும் சேர்த்து), எப்படி அளந்தீர்கள். கடைசியை எழுதாதவர்கள்தான் அதிகம்.

அறிகுறி: ஒட்டவே இல்லை (ஆல்டிஹைடு வழி)

இமின், ஹைட்ரசோன், ஆக்ஸைம் மூன்றும் ஆல்டிஹைடோ கீட்டோனோ ஒரு நைட்ரஜனோடு சேர்ந்து, ஒரு தண்ணீரை உதறி உருவாகிறவை. இந்த வரிசையில்தான் உறுதியும் ஏறும்: இமின் தளர்ச்சி, ஹைட்ரசோன் நடுத்தரம், ஆக்ஸைம் கெட்டி.

முதல் சந்தேகம் பஃபர். ட்ரிஸ் ஒரு முதன்மை அமீன், கிளைசினும் அப்படியே. 50 மில்லிமோலார் ட்ரிஸில் 50 மைக்ரோமோலார் புரதத்தைப் போட்டால் ஆல்டிஹைடைச் சுற்றி ஆயிரம் மடங்கு போட்டி அமீன் நிற்கிறது. பாஸ்பேட், ஹெப்பெஸ், எம்இஎஸ், அசிட்டேட் இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். மாற்றுவதென்றால் மேலே ஊற்றுவதல்ல, டயாலிசிஸ் செய்தோ உப்புநீக்கும் காலத்தில் (column, நிரப்பிய குழாய்) ஓடவிட்டோ மாற்றுவது.

பலர் மறப்பது அம்மோனியம் சல்பேட். புரதத்தை அதைக் கொண்டு வீழ்படிவாக்கி எடுத்திருந்தால் அம்மோனியம் கூடவே வரும், அதுவும் ஆல்டிஹைடைப் பிடிக்கும். கடையில் வாங்கிய எதிர்ப்புரத (ஆன்டிபாடி) குப்பியில் நிலைநிறுத்தியாக மாட்டு அல்புமின் கலந்திருந்தால் கதை இன்னும் மோசம். அல்புமினில் லைசின் ஏராளம். நீங்கள் அழகாகச் சாயம் ஏற்றியது அல்புமினுக்கு என்று கடைசியில் தெரியவரும்.

ஆல்டிஹைடை நீங்களே உண்டாக்கினால் இன்னொரு குழி இருக்கிறது. எதிர்ப்புரதத்தின் சர்க்கரைப் பகுதியைச் சோடியம் பெர்அயோடேட் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்வோம். 10 மில்லிமோலார், ஐஸில், இருட்டில், அரை மணி. மீதமிருக்கும் பெர்அயோடேட்டை அடக்கக் கிளிசரால் சேர்ப்பது வழக்கம். கிளிசராலைப் பெர்அயோடேட் வெட்டினால் வருவது ஃபார்மால்டிஹைடு. அதை வெளியேற்றாமல் அடுத்த படிக்குப் போனால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய ஹைட்ரசைடை (ஹைட்ரசோனின் நைட்ரஜன் பக்கம்) அந்தச் சின்ன ஆல்டிஹைடு தின்றுவிடும். அடக்கியபின் உப்புநீக்கும் காலம் கட்டாயம். புரதம் 50 சதவீதக் கிளிசராலில் வந்திருந்தால் நிலைமை தலைகீழ்: பெர்அயோடேட் முழுவதும் கிளிசராலிலேயே தீர்ந்துபோகும், புரதத்தில் ஆல்டிஹைடே உருவாகாது. ஆல்டிஹைடைக் காட்டும் ஷிஃப் கரணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பு ஏறவில்லையென்றால் அடுத்த படியைத் தொட வேண்டாம்.

பஃபர் சரி, ஆல்டிஹைடும் இருக்கிறது என்றால் பிஎச். ஹைட்ரசோன் வேகமாக உருவாவது 4.5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே போனால் நைட்ரஜன் புரோட்டான் ஏறிச் செயலிழக்கும், மேலே போனால் தண்ணீரை உதறும் படி மந்தமாகும். "என் புரதம் பிஎச் 5 தாங்காது சார்" என்பது நியாயமான புகார்தான். அப்போது 6.5 அல்லது 7இல் வைத்து அனிலின் சேருங்கள், 10 முதல் 100 மில்லிமோலார். அனிலின் முதலில் ஆல்டிஹைடோடு இமினாகி, பிறகு இடத்தை ஹைட்ரசைடுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கும். 1960களின் தொடக்கத்தில் ஜென்க்ஸ் குழு கண்ட வினையூக்கம் இது. 2006இல் டாசன் குழு இதைப் பெப்டைடு வேலைக்குக் கொண்டுவந்தபின் லேபுகளில் பரவியது. குப்பியில் இருப்பது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம், வடித்து எடுங்கள். நச்சு வேறு, புகை உறிஞ்சும் ஹூடுக்குள்தான் வேலை.

அறிகுறி: ஒட்டவே இல்லை (தயால் வழி)

இங்கே சந்தேகப்பட வேண்டியது காற்று. சிஸ்டீனின் தயால் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) ஆக்சிஜனேறி ஜோடி சேர்ந்துவிட்டால் உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. இரும்பு, செம்பு சிறிதளவு இருந்தாலும் இது வேகமாகும், அதனால் பஃபரில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ 1 முதல் 5 மில்லிமோலார் எப்போதும் இருக்கட்டும்.

ஊகிக்க வேண்டாம், எண்ணிவிடுங்கள். 1959இல் எல்மன் கொடுத்த கரணி இன்றும் போதும். 412 நானோமீட்டரில் உறிஞ்சுகை 0.283 வந்தால், 14,150ஆல் வகுக்க 20 மைக்ரோமோலார் தயால். புரதமும் 20 மைக்ரோமோலார், ஒரு சிஸ்டீன்தான் என்றால் எல்லாம் உயிரோடு இருக்கிறது. 0.05தான் வந்தது என்றால் 3.5 மைக்ரோமோலார், ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முன்பு ஒடுக்கப் போட்ட டிடிடி குழாயில் மிச்சம் இருந்தால் அதன் தயாலும் சேர்ந்து எண்ணப்படும். அழகான எண் கிடைக்கும், ஒட்டல் மட்டும் நடக்காது. டிடிடிக்குப் பதில் டிசெப் என்ற ஒடுக்கியைப் போட்டால் அதில் தயால் இல்லைதான், ஆனால் எல்மன் கரணியையே அது ஒடுக்கி நிறம் ஏற்றும், கணக்கு அப்போதும் கெடும். நடுநிலைப் பாஸ்பேட்டில் டிசெப் கரைசலாக நெடுநாள் நிற்காது, தயாலோடு ஒட்டுவதற்கான மாலிமைடோடும் அது வினைபுரியும். அன்றன்றைக்குக் கரைத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. கடல் காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டத்தில் இருக்கிறோம். மைனஸ் 20இலிருந்து எடுத்த மாலிமைடு குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனி பூக்கும். அமீனோடு ஒட்டும் என்எச்எஸ் எஸ்டருக்கு இது இன்னும் கேடு. மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறங்கள். அரை மணி பொறுக்க முடியாமல் ஒரு குப்பியைப் பாழாக்கியவர்களில் நானும் உண்டு.

அறிகுறி: ஒட்டியது, சுத்தம் செய்ததும் காணோம்

அதிகமாகக் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஒரு இமின் ஜோடியின் பிரிகை மாறிலி 5 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 10 மில்லிமோலார் போட்டால் சமநிலையில் சரியாகப் பாதி ஒட்டியிருக்கும். இதை நூறு மடங்கு நீர்த்தால், அதாவது இரண்டும் 0.1 மில்லிமோலார் ஆனால், ஒட்டியிருப்பது 2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான். உப்புநீக்கும் காலத்தில் ஓடவிடுவதும் டயாலிசிஸும் நீர்த்தலைவிட மோசம், ஏனென்றால் பிரிந்த சின்ன மூலக்கூறை அவை தொடர்ந்து எடுத்துக்கொண்டே போகும். சமநிலை அதை ஈடுகட்ட இன்னும் பிரியும், அதையும் எடுத்துவிடும்.

எனவே ஒற்றை இமினை நம்பி ஒரு கான்ஜுகேட்டைச் சுத்தம் செய்ய இறங்காதீர்கள். வழிகள் சில உண்டு. எவ்வளவு ஒட்டியிருந்தது என்று தெரிந்தால் போதும் என்றால் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு போட்டு, பிஎச் 6 முதல் 7 வரை வைத்து இமினைப் பூட்டுங்கள். அது ஒரு புகைப்படம் எடுப்பது மாதிரி. பூட்டிய பிறகு அது மீளும் பிணைப்பு அல்ல, அதை வைத்து விடுவிப்புச் சோதனை செய்ய முடியாது. அமிலம் பட்டால் சயனைடு வாயு வரும், ஹூடை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள். மீளும் தன்மையும் வேண்டும், சுத்தமும் வேண்டும் என்றால் ஹைட்ரசோனுக்கோ ஆக்ஸைமுக்கோ போங்கள். இல்லை, ஒரே மூலக்கூறில் பல இமின்கள் வரும்படி அமையுங்கள். ஒரு கை விட்டாலும் மற்றக் கைகள் பிடித்திருக்கும், விட்ட கை திரும்பி வரும். ஹைட்ரோஜெல்கள் நிற்பது இந்தத் தயவில்தான்.

தனித்த இமின் நிற்கவே நிற்காது என்றும் நினைக்க வேண்டாம். நம் கண்ணில் ரெட்டினால் ஆப்சினின் லைசினோடு ஒட்டியிருப்பது இமினாகத்தான். அங்கே தண்ணீர் எளிதில் நுழையாத பொந்து ஒன்றைப் புரதமே கட்டி வைத்திருக்கிறது. நம் குழாயில் அந்தப் பொந்து இல்லை.

அறிகுறி: குழாயில் இருக்கிறது, கருவியில் இல்லை

சுத்தம் செய்தீர்கள், நிறமும் இருக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் வெறும் புரதம் மட்டும். மாணவர் முகம் வாடிப்போகும். கருவிக்குள் என்ன ஊற்றினோம் என்று பாருங்கள்: 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம், பிஎச் ஏறக்குறைய 2.7. எச்பிஎல்சியில் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் என்றால் 2. லைசோசோமில் பிரிய வேண்டும் என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்த ஹைட்ரசோனை லைசோசோமைவிட நூறு மடங்கு அமிலத்தில் போட்டுவிட்டு "காணோம்" என்கிறோம். அம்மோனியம் அசிட்டேட்டில், நடுநிலை பிஎச்சில் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் யுவியில் அளந்து, சாயத்துக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள்.

எஸ்டிஎஸ் ஜெல்லிலும் இதே கதை. மாதிரிக் கரைசலில் டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ இருந்தால் டைசல்பைடு கான்ஜுகேட் அங்கேயே முடிந்தது. ஒடுக்கி இல்லாத கரைசல் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, 95 டிகிரியில் வேகவைக்கும்போது புரதத்தின் சும்மா இருக்கும் தயால்கள் பக்கத்து டைசல்பைடுகளைத் தாக்கி ஆள் மாற்றிவிடும். வேகவைக்கும் முன்பே என்-எத்தில்மாலிமைடு போட்டு அவற்றை அடைத்துவிடுங்கள். ஹைட்ரசோனுக்கு வேகவைப்பதே ஆகாது. ஓட்டும் பஃபர் ட்ரிஸ்-கிளைசின் என்பதும் நினைவிருக்கட்டும், இரண்டும் அமீன்.

ஒடுக்கியோடு ஒரு கிணறு, இல்லாமல் ஒரு கிணறு என்று பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால், உங்கள் பிணைப்பு டைசல்பைடுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அறிகுறி: போன வாரம் இருந்தது, இந்த வாரம் உதிர்ந்துவிட்டது

ஹைட்ரசோன் 7.4இலும் முழுக்கப் பத்திரமல்ல, மெதுவாக உதிரும். ஆனால் ஃப்ரீசரில் வைத்தது உதிர்ந்தால்?

இதற்கான பதிலை நான் கற்றது ஒரு ஐப்பசி மழையில். இடி விழுந்து கரண்ட் போனது, இரவு முழுக்க விட்டு விட்டு வந்தது. ஃப்ரீசர் உருகி, உறைந்து, மறுபடி உருகி உறைந்தது. பிஎச் 7.4 சோடியம் பாஸ்பேட்டில் வைத்திருந்த ஹைட்ரசோன் கான்ஜுகேட்டைக் காலையில் எடுத்துப் பார்த்தால் பாதிச் சாயம் தனியாக மிதக்கிறது. உருகியதால், வெப்பத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் உறைந்தது. சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகி ஒதுங்கிவிடும். மிச்சமிருக்கும் திரவத்தில் அமிலப் பக்க உப்பு மட்டும் நிற்கும். பிஎச் 3 அலகு வரைகூட இறங்கலாம். அதாவது உங்கள் கான்ஜுகேட் ஃப்ரீசருக்குள்ளேயே லைசோசோமுக்குப் போய்வந்திருக்கிறது. ஒவ்வொரு உறைதலும் ஒரு பயணம்.

அமிலத்துக்குப் பிரியும் எதையும் சோடியம் பாஸ்பேட்டில் உறைய வைக்காதீர்கள். பொட்டாசியம் பாஸ்பேட் இதில் எவ்வளவோ பரவாயில்லை, ஹெப்பெஸும் நல்லது. சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வையுங்கள், ஒரு குழாயை ஒரு தடவைதான் உருக்குவது. உறையுலர்த்தி வைக்க முடிந்தால் அதுவே மேல். அப்போது சேர்க்கும் சர்க்கரை சுக்ரோஸ் அல்லது டிரெஹலோஸாக இருக்கட்டும். குளுகோஸ், லாக்டோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகள் புரத அமீன்களோடு தனியாகக் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

அறிகுறி: பிரிய வேண்டிய இடத்தில் பிரியவில்லை

டைசல்பைடு கான்ஜுகேட், 10 மில்லிமோலார் குளூட்டாதயோன், இரவு முழுக்க 37 டிகிரி, ஒன்றும் நடக்கவில்லை. பிஎச் அளந்தீர்களா? பெரும்பாலானோர் அளப்பதில்லை. குளூட்டாதயோன் தானே ஒரு அமிலம். சாதாரண பிபிஎஸ்ஸில் (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்) பாஸ்பேட் மொத்தம் 10 மில்லிமோலார்தான். அதில் 10 மில்லிமோலார் குளூட்டாதயோனைக் கொட்டினால் பஃபர் தோற்றுப்போய் பிஎச் 4 பக்கம் விழும். டைசல்பைடைத் தாக்குவது தயால் அல்ல, புரோட்டான் இழந்த தயோலேட். பிஎச் ஒரு அலகு இறங்க அது பத்தில் ஒன்றாகும். 7.4இலிருந்து 4க்கு வந்தால் ஆயிரம் மடங்குக்கு மேல் குறைவு. காரம் சேர்த்து 7.4க்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். குளூட்டாதயோன் கரைசல் அன்றைக்குக் கரைத்ததாக இருக்க வேண்டும், போன வாரக் கரைசலில் பாதி ஆக்சிஜனேறி ஜோடியாகிக் கிடக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாகவே பிரிந்தால் டைசல்பைடைச் சுற்றியிருக்கும் மெத்தில் கூட்டத்தைப் பாருங்கள். ரத்தத்தில் நிற்பதற்காக நெருக்கடி கூட்டுவார்கள். கூடிப்போனால் செல்லுக்குள்ளும் நிற்கும்.

ஹைட்ரசோன் பிஎச் 5இல் பிரியவில்லை என்றால் இரு பக்கமும் அரோமாட்டிக் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவை நிறத்தில் அழகு, 354 நானோமீட்டரில் பளிச்சென்று அளக்கலாம். ஆனால் பிரிவதில் பிடிவாதம். ஆக்ஸைம் போட்டுவிட்டு அமிலத்தில் பிரியக் காத்திருப்பதும் அதே மாதிரிதான். பிரிய வேண்டுமென்றால் அசைல் ஹைட்ரசோன் பக்கம் வாருங்கள். 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைலோடார்க் என்ற ரத்தப்புற்று மருந்தில் ஹைட்ரசோனும் நெருக்கடியான டைசல்பைடும் ஒரே இணைப்பியில் இருந்தன. லைசோசோமில் முதல் பூட்டு, ஒடுக்கச் சூழலில் இரண்டாம் பூட்டு. 2010இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2017இல் மாற்றிய அளவில் திரும்பி வந்தது. லேபில் ஒரு பூட்டு திறக்கவில்லை என்று நொந்துபோகும்போதெல்லாம் எனக்கு இந்த மருந்து நினைவுக்கு வரும்.

மீளும் என்று நினைத்தது மீளாமல் போவதும் உண்டு. ஒடுக்கும் சர்க்கரை அமீனோடு சேர்ந்தால் முதலில் மீளும் இமின். விட்டுவைத்தால் உள்ளுக்குள் இடம் மாறி அமடோரி விளைபொருளாகிவிடும், பிறகு எளிதில் பிரியாது. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதக் கணக்குச் சொல்லும் எச்பிஏ1சி இப்படி உருவானதுதான். குழாயில் பழுப்பு நிறம் ஏறினால் அந்தப் பாதையில் போகிறது என்று அர்த்தம்.

அறிகுறி: பிரியாது என்று நம்பியது பிரிகிறது

மாலிமைடு. தயாலும் மாலிமைடும் சேர்ந்தால் நிரந்தரம் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினோம். சீரத்தில் போட்டால் உண்மை வெளியே வரும். வினை மெதுவாகப் பின்னோக்கிப் போய், விடுபட்ட மாலிமைடை அல்புமினின் 34ஆம் சிஸ்டீன் தட்டிப் பறித்துக்கொள்ளும். பஃபரில் நன்றாக நின்றது, சீரத்தில் மட்டும் சாயம் அல்புமின் பட்டைக்கு ஏறியது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஒட்டி முடித்த பிறகு பிஎச் 8.5 அல்லது 9க்கு ஏற்றி 37 டிகிரியில் வைத்து வளையத்தைத் திறந்துவிடுங்கள். திறந்தபின் பின்னோக்கிப் போக வழியில்லை. எத்தனை மணி நேரம் என்பது வளையத்தில் தொங்கும் தொகுதியைப் பொறுத்தது. நிறை 18 டால்ட்டன் கூடியிருந்தால் திறந்துவிட்டது. ஒட்டும் முன்பே உங்கள் மாலிமைடின் நிறையில் அந்த 18 கூடியிருந்தால் மட்டும் சந்தோஷப்படாதீர்கள், அது ஈரம் பட்டுச் செத்த மாலிமைடு. அதனால்தான் ஒட்டும்போது 6.5 முதல் 7.5, திறக்கும்போது மட்டும் மேலே.

அறிகுறி: போரோனிக் அமிலம் சர்க்கரையைக் கண்டுகொள்ளவில்லை

வெங்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் பசையில் ஊற்றிப் பிள்ளைகள் ஸ்லைம் செய்வார்கள். பிடித்து உருட்டினால் உருண்டை, விட்டுவைத்தால் வழியும். போரானும் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களும் போட்டு அவிழ்த்துப் போட்டு அவிழ்க்கும் முடிச்சுகள் அவை. போரோனிக் அமிலக் கான்ஜுகேட்டும் இதே சரக்குதான்.

குளுகோஸுக்கு அசையவில்லை என்றால் எண்ணைப் பாருங்கள். சாதாரண ஃபினைல்போரோனிக் அமிலத்துக்குப் பிஎச் 7.4இல் குளுகோஸோடு பிணைப்பு மாறிலி 4.6 தான், ஃப்ரக்டோஸோடு 160. ரத்தத்தில் இயல்பான 5 மில்லிமோலார் குளுகோஸ் என்றால் பிடிபடுவது 2 சதவீதம், 20 மில்லிமோலாருக்கு ஏறினாலும் 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். இது கோளாறு அல்ல, தேர்வுப் பிழை. பிகேஏ (அமிலத்தில் பாதி மாறி நிற்கும் பிஎச்) 8.8 என்பதால் எலெக்ட்ரானை இழுக்கும் தொகுதி ஒன்றை வளையத்தில் வைத்து அதைக் கீழே கொண்டுவர வேண்டும், அல்லது பென்ஸாக்ஸபோரோலுக்கு மாற வேண்டும், அல்லது இரண்டு போரோனிக் அமிலத்தைக் குளுகோஸின் அளவுக்கு இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.

ஃப்ரக்டோஸுக்கும் அசையவில்லை என்றால்தான் குழாயைச் சந்தேகப்படுங்கள். கிளிசரால், சார்பிட்டால், மேனிட்டால், ட்ரிஸ் எல்லாம் போரானைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பிஇஜி, ட்வீன் குப்பிகளில் சேரும் பெராக்சைடு போரோனிக் அமிலத்தைப் பீனாலாகவே மாற்றிவிடும், அதற்கு மருந்தில்லை. அலிசரின் ரெட் எஸ் சேர்த்து ஒளிர்கிறதா பாருங்கள். ஒளிர்ந்தால் போரான் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை சேர்த்ததும் ஒளி குறைந்தால் வேலையும் செய்கிறது.

அறிகுறி: கைட்டோசான் ஜெல் கட்டவில்லை, அல்லது கட்டிகட்டியாகிறது

குளச்சல், முட்டம் பக்கம் இறால் தோட்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் மாணவர்கள் கைட்டோசானைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். அமிலத்தில் சுண்ணாம்பை எடுத்து, காரத்தில் புரதத்தை எடுத்து, பிறகு சூடான கெட்டிக் காரத்தில் அசிட்டைலை நீக்குவது. கடைசிப் படி குறைந்தால் அமீன் போதாது. 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரையாமல் நின்றால் அதுதான் காரணம், ஜெல்லைக் குறை சொல்லாதீர்கள்.

கரைந்தும் கட்டவில்லை என்றால் பிஎச். கைட்டோசான் அமீனின் பிகேஏ 6.5 அளவில். பிஎச் 4இல் அமீன்கள் எல்லாம் புரோட்டான் ஏறி நிற்கும், ஆல்டிஹைடைத் தொடாது. 6.5ஐத் தாண்டினால் கைட்டோசானே வெளியேறித் திரியும். அந்தக் கட்டிகட்டி அதுதான். 5.5 முதல் 6 வரை என்ற சின்ன இடைவெளியில் நிற்க வேண்டும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே.

இன்னொரு பக்கம் ஆல்டிஹைடு ஏற்றிய ஆல்ஜினேட் என்றால், அதிகம் ஆக்சிஜனேற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். பெர்அயோடேட் சங்கிலியையும் வெட்டிக் குட்டையாக்கும். ஆல்டிஹைடு கூடும், ஜெல்லின் வலு குறையும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலிருந்து 2005இல் வந்த வேலையில் ஆக்சிஜனேற்றிய ஆல்ஜினேட்டையும் ஜெலட்டினையும் வெங்காரத்தின் முன்னிலையில் கட்டவைத்தார்கள். எங்களுக்கு ஜெலட்டினோடு கட்டாமல் இழுத்தடித்தபோது கைகொடுத்தது அந்த வெங்காரம்தான்.

இளமஞ்சள் நிறம் வந்தால் கவலை வேண்டாம். இரண்டு நாளில் தண்ணீராகிறது என்றால், ஜெல்லைத் தாராளமான பஃபரில் மிதக்கவிட்டிருக்கிறீர்களா பாருங்கள். மேலே சொன்ன நீர்த்தல் கணக்குதான், மெதுவாக ஓடும் பதிப்பு.

அறிகுறி: நாறுகிறது

அழுகிய முட்டை வாடை என்றால் தயால் எங்கோ திறந்திருக்கிறது. மெர்காப்டோஎத்தனால் மூடியை முதலில் பாருங்கள், பிறகு டிடிடி. கழுவுநீரில் நீர்த்த ப்ளீச் ஊற்றினால் அடங்கும், ஆனால் அமிலக் கழிவு இருக்கும் வாளியில் ப்ளீச் ஊற்றக் கூடாது, குளோரின் வரும்; சயனோபோரோஹைட்ரைடு கழிவைத் தனி வாளியிலேயே வையுங்கள். இரண்டு குப்பியும் இறுக்கமாக மூடியிருந்தும் வாடை போகவில்லை என்றால், யாரோ வெள்ளிக்கிழமை கழுவாமல் போட்டுவிட்டுப் போன இறால் தோட்டுப் பையாக இருக்கும்.